கொலை கொறஞ்சிருக்குங்குது, கேஸ் ஏறியிருக்குங்குது. ரெண்டுமே அரசாங்க கணக்குதான், எத நம்புறது?

திண்ணைப்பேச்சு:
எங்க சித்தப்பா ஃபேமிலி குரூப்ல டெய்லி நாலு வெட்டுக்குத்து வீடியோ போடுறாரு. கூடவே நாங்கல்லாம் அப்ப கதவ தொறந்து போட்டு தூங்குவோம், இப்ப காலம் கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி. சரின்னு நேத்து நைட் உக்காந்து என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) ரிப்போர்ட்ட எறக்கி பாத்தேன். 1992ல நாடு முழுக்க கொலை கேஸ் 40 ஆயிரத்த தாண்டியிருக்கு, 2022ல 28,522, 2023ல 27,721. இதுக்கு நடுவுல ஜனத்தொகை 50 கோடிக்கு மேல கூடியிருக்கு, அப்ப லட்சம் பேருக்குன்னு பாத்தா பாதிக்கும் கீழ வந்துருச்சு. ஆனா அதே ரிப்போர்ட்ல மொத்த கேஸ் எண்ணிக்கைய பாத்தா 2019ல 51.5 லட்சம், 2020ல 66 லட்சம். லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தப்ப 14 லட்சம் குற்றம் எப்படிய்யா கூடும்? யாராச்சும் வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, சித்தப்பாவுக்கு பதில் போடணும்.

டீக்கடைபெஞ்ச்:
எல்லாம் டாஸ்மாக் ப்ரோ. வேற ஒண்ணுமில்ல.

கருப்புகோட்டு:
2020 கதை ரொம்ப சிம்பிள், மாஸ்க் போடல, ஊரடங்குல வண்டிய எடுத்துட்டு வெளிய வந்தான்னு போட்ட கேஸ் எல்லாம் அதுல இருக்கு. ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 188, அதிகாரி போட்ட உத்தரவ மீறுறது. 2019ல இந்தியா முழுக்க அதுல 29,469 கேஸ், 2020ல 6,12,179. அதுல நம்ம தமிழ்நாட்டோட பங்கு ரொம்ப பெருசு, அந்த வருஷம் எங்க கோர்ட்ல பைக் ரிலீஸ் பெட்டிஷன் போட்டு போட்டே கை வலிச்சுது. அந்த டேபிள மட்டும் எடுத்து பாத்தா 2020ல தமிழ்நாடே ரவுடி ராஜ்ஜியம் மாதிரி தெரியும், நடந்தது என்னன்னா பால் வாங்க போனவன் மேல கேஸ்.

நீங்க பாக்குற நம்பர் நடந்த குற்றத்தோட எண்ணிக்கை இல்ல சார், ஸ்டேஷன் ரைட்டர் டேபிள்ல எழுதுன எஃப்ஐஆரோட எண்ணிக்கை. எழுதலன்னா நடக்கலன்னு அர்த்தம். இன்னொண்ணு, ஒரே எஃப்ஐஆர்ல வீடு பூந்து திருடி, கற்பழிச்சு, கொலையும் பண்ணிட்டான்னு இருந்தா என்சிஆர்பி அத கொலைன்னு ஒரு தடவதான் எண்ணும், பெரிய குற்றத்த மட்டும்தான் எடுத்துக்கும். ஒரே சம்பவத்துல மூணு பேர் செத்தாலும் கேஸ் ஒண்ணுதான், செத்தவங்க எத்தன பேருங்கறதுக்கு பக்கத்துல தனி கட்டம் இருக்கு.

2012ல டெல்லி சம்பவம் ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் பாலியல் வன்கொடுமை கேஸ் 24,923, அடுத்த வருஷமே 33,707. ஒரே வருஷத்துல ஆம்பளைங்க எல்லாம் திடீர்னு கெட்டுப்போகல. சட்டத்துல வரையறைய விரிச்சாங்க, சம்மத வயசு 16ல இருந்து 18 ஆச்சு, கேஸ் எடுக்காத போலீஸ் மேலயே கேஸ் வரும்னு ஆச்சு, பொண்ணுங்களும் கொஞ்சம் தைரியமா வந்தாங்க. அந்த ஏத்தத்துல ஒரு பகுதி நல்ல செய்தி. ஓடிப்போன ஜோடி மேல பொண்ணு வீட்டுக்காரங்க போடுற போக்சோவும் (18 வயசுக்குக் கீழ உள்ளவங்கள பாதுகாக்குற சட்டம்) மொத்த குற்றக் கணக்குலதான் வருது, அது வேற பஞ்சாயத்து.

சுக்குக்காப்பி:
எழுதுறது எழுதாததுன்னு சொன்னீங்களே, என் கதைய கேளுங்க. 2024ல மார்க்கெட்டுக்கு வெளிய நிறுத்துன ஸ்ப்ளெண்டர் காணோம். ஸ்டேஷனுக்கு போனேன். மொதல்ல கடையில போய் வெள்ளப்பேப்பர் வாங்கிட்டு வாங்கன்னாங்க. வாங்கிட்டு வந்து எழுதுனா "திருட்டு போனது"ன்னு எழுதாதீங்க, "காணவில்லை"ன்னு எழுதுங்கன்னாங்க. ஆர்சி ஜெராக்ஸ், இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு கடைசில ஒரு சிஎஸ்ஆர் ரசீது குடுத்தாங்க, புகார வாங்கிக்கிட்டோம்னு குடுக்குற சீட்டு. எஃப்ஐஆர் இல்ல. இன்சூரன்ஸ்காரன் எஃப்ஐஆர் இல்லாம கிளெய்ம் கிடையாதுன்னு கைய விரிச்சுட்டான். ஆக 2024 கணக்குல என் வண்டி திருடு போகவே இல்ல. எங்க ஏரியா ரொம்ப அமைதியான ஏரியா போங்க.

வெளிநாட்டுவாசி_நெல்லை:
கருப்புகோட்டு சார் சொன்னதாலதான் இத ஆராயுறவங்க மொதல்ல கொலைய பாப்பாங்க. வண்டி காணாமப் போனா மறைக்கலாம், பொணத்த மறைக்கிறது கஷ்டம். கேரளாவ பாருங்க, மொத்த கேஸ் விகிதத்துல வருஷா வருஷம் மேல நிக்கும், கொலை விகிதத்துல கீழ நிக்கும். அங்க ஜனங்க ஸ்டேஷன் ஏறுறாங்க, போலீஸ் எழுதுறாங்க, அவ்வளவுதான். கேஸ் விகிதம் கம்மிங்கறதுக்காக பீகார் அத விட பத்திரமான ஊர்னு யாராச்சும் சொல்லுவாங்களா?

ஆனா கொலை ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டா அங்கதான் எல்லாரும் ஆளுக்கொரு கதைய தூக்கிட்டு வர்றாங்க. நான் இருக்குற அமெரிக்காவுல இது முப்பது வருஷமா ஓடுற சண்டை. நியூயார்க்ல 1990ல 2,200க்கு மேல கொலை, 2017ல 300க்கும் கீழ. போலீஸ் கமிஷனர் என்னாலதான்னாரு. ஜெயில நெரப்புனதாலன்னு ஒரு கூட்டம். ஆனா பக்கத்துல கனடாவுல ஜெயில அப்படி நெரப்பாமலே அதே காலத்துல எறங்குச்சு. 1973ல கருக்கலைப்புக்கு அனுமதி குடுத்ததால வேண்டாத பொறப்பு கொறஞ்சு குற்றமும் கொறஞ்சுதுன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 2001ல எழுதுனாங்க, அவங்க கணக்குல கம்ப்யூட்டர் பிழை இருக்குன்னு 2005ல வேற ரெண்டு பேர் புடிச்சாங்க. நியூயார்க் ரோட்ல சந்தேகப்பட்டவன எல்லாம் போலீஸ் நிறுத்தி சோதிக்கிறது 2011ல மட்டும் 6,85,000 தடவைக்கு மேல நடந்துச்சு, கோர்ட் தலையிட்டு 2017க்குள்ள அது பன்னெண்டாயிரத்த ஒட்டி வந்துருச்சு, ஆனா கொலையும் 2011ஐ விட கொறஞ்சுதான் இருந்துச்சு.

பெட்ரோல்ல இருந்த ஈயம் சின்னப் புள்ளைங்க மூளைய கெடுத்து, அதுங்க வளந்து முரட்டுத்தனம் ஆச்சு, ஈயத்த எடுத்ததும் கொறஞ்சுதுன்னு ஒரு வாதம் உண்டு. எனக்கும் ரொம்ப நாள் புடிச்ச வாதம்தான், நம்ம ஊருக்கு பொருத்தி பாக்குற வரைக்கும். இந்தியா முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது 2000ல. அப்ப பொறந்த புள்ளைக்கு 2018லதான் 18 வயசு. நம்ம கொலை கணக்கு 92ஐ ஒட்டி எறங்க ஆரம்பிச்சிருச்சு. மருந்து குடிக்கறதுக்கு முன்னாடியே காய்ச்சல் விட்டுருச்சுன்னா மருந்துக்கு எப்படி பேர் குடுக்கறது?

டீக்கடைபெஞ்ச்:
எல்லாம் சரி, குடி கணக்குல வராதா? தெனம் பேப்பர்ல பாக்குறேன், போதையில நண்பனையே குத்துனான்னு.

வெளிநாட்டுவாசி_நெல்லை:
வரும் ப்ரோ, ஆனா தனிச்சு வராது. 2022ல கொலைக்கு காரணம்னு எழுதுனதுல முதலிடம் தகராறு, 9,962. தனிப்பட்ட பகை 3,761. பணத்துக்காக 1,884தான். இந்த தகராறுல பாதி ராத்திரி குவாட்டருக்கு பக்கத்துல நடந்திருக்கும்னு நானும் நெனைக்கிறேன். ஆனா சில்லறை விற்பனைய டாஸ்மாக் கையில எடுத்தது 2003. நாடு முழுக்க கொலை எறங்க ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியே, ஒரு மாநிலத்து கடைய வச்சு அத எப்படி வெளக்கறது?

என் ஊகம் வேற. தகராறு பண்ற வயசு 18ல இருந்து 30, நம்ம பக்கம் வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு புள்ளைன்னு ஆகி நாளாச்சு. எங்க ஊர்ல வரப்பு தகராறுக்கு அருவா தூக்குன ரெண்டு குடும்பத்துலயும் இப்ப வரப்புல நிக்க ஆளில்ல, ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் மஸ்கட். பொங்கலுக்கு வந்தா மொறச்சுக்கிட்டு போயிருவானுங்க.

மஞ்சப்பை_நர்ஸ்:
ஒண்ண விட்டுட்டீங்க. நான் அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டில 22 வருஷம். முன்னாடியெல்லாம் வெட்டுப்பட்டவன துண்ட கட்டி வேன்ல, மாட்டு வண்டில கூட கொண்டு வருவாங்க, பாதி பேர் வாசல்லயே முடிஞ்சுருவாங்க. 2008ல 108 வந்தப்பறம் வழியிலயே ட்ரிப் ஏத்தி, கட்டு போட்டு கொண்டாறாங்க. கொடல் வெளிய வந்தவன் எல்லாம் பொழச்சு நடந்து போயிருக்கான். அவன் பொழச்சா கேஸ் 302 (கொலை) இல்ல, 307 (கொலை முயற்சி). வெட்டுனவன் கையில கோவம் கொறஞ்சதுன்னு நெனைச்சுக்கிறீங்க, கொறஞ்சது எங்க ஓட்டத்தாலயும் இருக்கலாமே தம்பி?

வெளிநாட்டுவாசி_நெல்லை:
அக்கா, இது நான் யோசிக்கவே இல்ல. இப்ப போய் பாத்தேன், தொண்ணூறுகள்ல கொலை முயற்சி கேஸ் கொலைய விட கம்மி. இப்ப கொலைய விட ரொம்ப ஜாஸ்தி. அதுல போலீஸ் அடிதடிய எல்லாம் 307ஆ ஏத்துறதும் கலந்திருக்கும், ஆனா நீங்க சொல்றதும் இருக்கு. கொலை நம்பர் கல்லு மாதிரின்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

கருப்புகோட்டு:
இனிமே இன்னும் கஷ்டம். 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசிக்கு பதிலா பிஎன்எஸ்ங்குற புது சட்டம். 302 போய் 103, 307 போய் 109, நம்ம 420 கூட 318 ஆயிருச்சு. செயின் பறிப்புக்கு பழைய ஐபிசில தனி பிரிவே இல்ல, திருட்டுலயோ வழிப்பறிலயோ சேத்து எழுதுவாங்க, இப்ப தனியா வரும். 2024 கணக்க வச்சு "செயின் பறிப்பு அதிகரிப்பு, திருட்டு சரிவு"ன்னு எவனாச்சும் தலைப்பு போடுவான் பாருங்க. திருடனும் இப்ப கைய மாத்திட்டான், சைபர் கேஸ் 2022ல 65,893, 2023ல 86,420. யூபிஐ வந்தப்பறம் பஸ்ல பர்ஸ் அடிச்சு என்ன கெடைக்கும், ஆதார் ஜெராக்ஸா?

திண்ணைப்பேச்சு:
எல்லாருக்கும் நன்றி. சித்தப்பாகிட்ட 2020 மேட்டர மட்டும் சொன்னேன். நீ சொல்றது சரிதான்டா, எனக்கே அந்த வருஷம் 188ல ஒரு கேஸ் இருந்துச்சுன்னாரு. வீட்ல யாருக்கும் தெரியாதாம். @சுக்குக்காப்பி வண்டி கெடச்சுதாண்ணே?

சுக்குக்காப்பி:
இல்லப்பா. சிஎஸ்ஆர் மட்டும் இன்னும் பர்ஸ்ல இருக்கு, மடிச்ச எடத்துல கிழிய ஆரம்பிச்சிருச்சு.