ஹைட்டி கோடை முகாம்கள்: போனவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

மொன்றியல்_கணக்கன்

உள்ளூர்ப் பையன்களும் பெண்களும் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் நடத்தும் முகாம் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். லெ காய் பக்கம், 2021 ஆகஸ்ட் நிலநடுக்கத்துக்கு அடுத்த கோடை. நிவாரண நிறுவனம் ஒன்றின் கணக்கைப் பார்க்கப் போனவன் நான். பிரெஞ்சு தெரியும் என்று முகாமுக்கும் அனுப்பிவிட்டார்கள். (பிரெஞ்சை வைத்துக்கொண்டு அங்கே சின்னப் பிள்ளைகளிடம் ஒன்றும் கிழிக்க முடியாது. எல்லாம் அவர்களுடைய கிரெயோல் மொழிதான்.)

முகாமுக்குக் கொடுத்த தேவாலயக் கட்டடம் நன்றாகத்தான் நின்றது. ஆனால் கான்கிரீட் கூரைக்குக் கீழே உட்கார ஒரு பிள்ளையும் தயாராக இல்லை. அந்த நடுக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் செத்துப்போனார்கள், யார் உட்காருவார்கள்? எல்லாம் மாமரத்தடியில்தான்.

ஒரு நாள் படம் வரைந்துகொண்டிருந்தபோது மணல் லாரி ஒன்று பின்னால் வந்தது. தரை அதிர்ந்தது. கலர் பென்சில்களைப் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடியது. குழுவைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். அவள் துரத்திக்கொண்டு ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே "க்ரிக்?" என்று கத்தினாள். ஓடிக்கொண்டிருந்த வாய்களிலிருந்து தானாக "க்ராக்!" என்று பதில் வந்தது. அங்கே கதை தொடங்கும்போது அப்படித்தான் கேட்பார்கள். மறுபடி "க்ரிக்?". மறுபடி "க்ராக்!". நின்றார்கள், திரும்பினார்கள். ஏமாளி பூக்கியைத் தந்திரக்காரன் டி மாலிஸ் ஏமாற்றும் நாட்டுப்புறக் கதை ஒன்றைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். லாரி திரும்பிப் போனபோது ஒரு பிள்ளைகூட எழவில்லை.

அன்று சாயங்காலம் சம்பளப் பட்டியலைப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை, தன்னார்வலராம். குழந்தைகளின் பயத்தைப் போக்குவது எப்படி என்று அவளுக்கே வகுப்பெடுக்க வெளிநாட்டிலிருந்து வந்தவரின் நாள்படி மட்டும் தனி வரியில் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்.

ஓய்வுபெற்ற_காக்கி

ஐ.நா. படை அங்கே இருந்த காலத்தில் இந்தியப் போலீஸ் பிரிவில் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்தேன். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஊரெல்லாம் தார்ப்பாய்க் கூடாரம். ரோந்து போகும் வழியில் பள்ளி மைதானத்தில் முகாம். பிஸ்கட் பெட்டிகளோடு வண்டியை நிறுத்தினோம். பிரேசில் பனியன் போட்ட பையன் ஒருவன் கேட்டுக்குக் குறுக்கே வந்து நின்றான். துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்றான். எங்கள் ஆள் ஒருவருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. நான் துப்பாக்கியை அவரிடமே கொடுத்துவிட்டு நடந்து போனேன்.

உள்ளே சிறுமிகள் ஆட்டு முட்டி எலும்பை வைத்து ஒஸ்லே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியே நம் அஞ்சாங்கல். நானும் உட்கார்ந்து தூக்கிப் போட்டேன். ஒன்றுகூடக் கையில் நிற்கவில்லை. குழந்தைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. நான் வெளியே வரும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் பாதுகாப்புக்குத்தானே போனோம்? இன்றைக்கும் உறுத்துகிறது.

வடமராட்சி_நர்ஸ்

@ஓய்வுபெற்ற_காக்கி அண்ணா, அவன் ஏன் சிரிக்கவேண்டும்? 2007இல் எங்கள் இலங்கை ராணுவத்தில் நூறு பேருக்கு மேல் பாலியல் குற்றச்சாட்டில் ஹைட்டியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2010 அக்டோபரில் மிர்பாலே பக்கத்து ஐ.நா. படைமுகாமின் கழிவு ஆற்றில் கலந்துதான் கொலரா பரவியது. பத்தாயிரம் பேரளவில் செத்தார்கள். தனக்கும் அதில் பங்கு உண்டென்று ஐ.நா. ஒப்புக்கொள்ளவே 2016 ஆனது. பிஸ்கட்டோடு வந்தவரைப் பார்த்து அவன் பல்லைக் காட்டவில்லை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள்.

என் கதை சின்னது. மிர்பாலேயில்தான் வேலை. முகாமுக்கு ஒரு பிள்ளை தினமும் பிந்தித்தான் வருவாள், தலைமயிர் ஈரத்தோடு. அடுத்தவர் வீட்டில் விடப்பட்டு வேலை செய்கிற ரெஸ்தாவெக் பிள்ளை. தண்ணீர் சுமந்து முடித்தால்தான் அவளை விடுவார்கள். வீட்டுக்காரியோடு சண்டை பிடித்தால் பிள்ளைக்குத்தான் அடி விழும் என்று முகாம் நடத்துகிற பொடியனுக்குத் தெரியும். அவன் ஒருத்தரிடமும் கதைக்கவில்லை. விடிய எழும்பி, அந்த வீட்டு வாளிகளைத் தானே நிரப்பி வாசலில் வைத்துவிட்டு வந்தான். ஆம்பிளைப் பிள்ளை வாளி தூக்குகிறான் என்று தெருவே நின்று பார்த்தது. அதன்பிறகு அவள் காலைச் சாப்பாட்டுக்கே வந்துவிடுவாள். முகாம் முடிந்தபின் அந்த வாளியை யார் தூக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவும் வரவில்லை.

ஓய்வுபெற்ற_காக்கி

தங்கச்சி, நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு நாட்டுப் படை. எங்கள் பிரிவில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

வடமராட்சி_நர்ஸ்

எது எந்த நாடு என்று கேட் வாசலில் நிற்கிற பொடியன் எப்படிப் பிரித்துப் பார்ப்பான் அண்ணா?

திட்ட_அறிக்கை

நானும் ஜாக்மெல்லில் ஒரு முகாமுக்குப் போனேன். காகிதக் கூழில் முகமூடி செய்தார்கள், பிரமாதம். பிள்ளைகள் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு மீதியைத் தம்பி தங்கைக்குப் பையில் கட்டிக்கொண்டு போனதுதான் மனத்தில் நிற்கிறது.

இனிமேல் பணம் அனுப்ப நினைப்பவர்களுக்குச் சில விஷயம். முதலில் அரிசி. நன்கொடைக் காசில் அமெரிக்க அரிசி மூட்டையை வாங்கி இறக்காதீர்கள். 1995இல் இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைத்த பிறகு அர்த்திபோனீத் பள்ளத்தாக்கு நெல் விவசாயி எழுந்திருக்கவே இல்லை. அது தப்பு என்று அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளின்டனே 2010இல் ஒப்புக்கொண்டார். உள்ளூர் அரிசி விலை அதிகம்தான், இருந்தாலும் முடிந்தவரை அதை வாங்கச் சொல்லுங்கள், சமைக்கிற அம்மாக்களுக்குக் கூலியும் கொடுங்கள். அப்புறம், முகாம் பனியன் அச்சடிக்கிற செலவைப் பாதியாக்கி செப்டம்பரில் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள். அங்கே பெரும்பாலான பள்ளிகள் தனியார்தான், முகாமில் எழுதப் பழகிய பிள்ளை கட்டணம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதில் என்ன பிரயோசனம்? சாப்பிடும்போது போட்டோ எடுக்காதீர்கள். மீதியைக் கட்டிக்கொண்டு போகக்கூடாது என்று விதி போடாதீர்கள், மூடி போட்ட டப்பா கொண்டுவரச் சொல்லுங்கள். முகாம் நடத்துபவர்களுக்கு நாள்படிக் காசு கொடுங்கள், அதைப் பட்டியலில் எழுதுங்கள். @மொன்றியல்_கணக்கன், கதை சொல்லி நிறுத்தியது அழகுதான், ஆனால் முறையான பயிற்சி வேண்டாம் என்று அர்த்தம் ஆகிவிடாது. வெளியிலிருந்து வந்தவரைக் குறை சொல்வது சுலபம்.

மொன்றியல்_கணக்கன்

பயிற்சி வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? காசு யாருக்குப் போனது என்றுதான் எழுதினேன். கடைசியில் நீங்களும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள்.

கப்பல்_சமையல்

வாசகன் மட்டும், முதல் தடவை எழுதுகிறேன். 2024இல் காப்-ஐசியனில் கொஞ்ச காலம் கரையில் இருந்தேன். தலைநகரிலிருந்து கும்பல்களுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள் நிறைய. அந்தப் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து முகாம் நடத்தினார்கள். ஒரு நாள் ஊர் வரைபடம் வரையும் வேலை. தலைநகர்ப் பையன் ஒருவன், வீட்டுக்குப் போகும் சாலையை வரைந்து கொடு என்று நடத்துனரைக் கேட்டான். அவர் வழியில் வரும் ஊர்களாகக் கொனாயிவ் வரைந்தார், சென்-மார்க் வரைந்தார், பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் சாலை யார் கையில் என்று அவருக்குத் தெரியும். பையன் பென்சிலைப் பிடுங்கி மீதியை அவனே போட்டான். பாலம், பெட்ரோல் பங்க், லாட்டரிக் கடை, ரொட்டிக் கடை, அதற்கு எதிர்ச்சந்து. நடத்துனர் வாயே திறக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள்தான் அந்த ரொட்டிக் கடையில் என்ன விற்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த முகாம் இப்போதும் நடக்கிறதா என்று யாருக்காவது தெரியுமா?

மொன்றியல்_கணக்கன்

காப் பற்றித் தெரியாது. லெ காயில் நாங்கள் கிளம்பிய பிறகும் அடுத்த கோடையில் நடத்தியிருக்கிறார்கள், எங்கள் நிறுவனம் இல்லாமலே. கதை சொன்ன அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் செலவுக் கணக்கு அனுப்பியிருந்தாள்: அரிசி, பீன்ஸ், எண்ணெய், கரி, தண்ணீர் பாக்கெட். கடைசி வரியில் நடத்துபவர்களுக்குப் படி என்று ஒரு சின்னத் தொகை. சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னாள். கூட்டல் சரியாக இருந்தது.