வயல் நடுவில் ஜெய்ப்பூர் காலின் திருகாணி இளகினால் என்ன செய்வது?

கமக்காரன் (ஒட்டுசுட்டான்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மீள்குடியேறிய காலத்தில் மிதிவெடியில் போனது. அன்றிலிருந்து ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால்தான். முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் வயலில் வரம்பு கட்டுவது, வாய்க்கால் திருப்புவது, பசளை எறிவது எல்லாம் இந்தக் காலோடுதான் செய்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தக் காலபோகத்தில் புதிதாக ஒரு தொல்லை. பாதத்தைக் கணுக்காலோடு பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளில் பின்பக்கத்து இரண்டும் ஓயாமல் இளகுகின்றன. குதிகால் ஊன்றும்போது ‘டொக்’ என்று சத்தம் வரும். சற்று நேரத்தில் பாதம் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கும். திருப்புளியால் இறுக்கினால் ஒன்று பிடிக்கிறது, மற்றது பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றுகிறது.

கால் செய்து தந்த இடத்துக்குப் போவதென்றால் மாங்குளம் போய் பஸ் மாற வேண்டும், ஒரு நாள் முழுதும் போய்விடும். பயிருக்கு நீர் கட்டும் நேரத்தில் அது முடியாத காரியம். எங்கள் கடைசி வயல் துண்டு காட்டோரத்தில் இருக்கிறது. பொழுதுபட்டால் யானை இறங்கும் இடம், ஆள் வரும்வரை வரம்பில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. அந்த இடத்திலேயே செய்யக்கூடியது என்ன? வீட்டில் வைத்து இன்னும் மொத்தமான திருகாணி போடலாமா? மூன்று திருகாணியோடு நடந்தால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவித் தச்சன் எழுதியது:

அண்ணா, காலைப் பற்றி எனக்குத் தெரியாது, மரத்தைப் பற்றித் தெரியும். திருகாணி மரத்தில் இறங்கியிருந்தால் ஒரு விடயம். பழைய துளையில் மீண்டும் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். ஒரு இடத்தில் ‘டக்’ என்று கீழே விழும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் மரத்தை மறுபடி வெட்டாமல் அதே தடத்தில் இறங்கும். கதவுப் பிணைச்சலைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். நேரே வைத்து அழுத்தி முறுக்கினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, இருக்கிற மரமும் போய்விடும்.

பழைய பட்டறைக்காரன் (வவுனியா) எழுதியது:

தம்பி, செயற்கைக் கால் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். தச்சர் சொன்னது சரி, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதம் முழுவதும் ரப்பர் என்றே பலர் நினைக்கிறார்கள். குதியிலும் முன்பாதத்திலும்தான் மெத்தென்ற ரப்பர். கணுக்கால் இருக்கும் இடத்தில் மரக்கட்டை. எல்லாவற்றையும் ரப்பர்த் தாளால் சுற்றி, அச்சில் சூடேற்றி ஒன்றாக்குகிறார்கள். 1968 இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இதை உருவாக்கியபோது, வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களையும் நிலத்தில் குந்தியிருப்பவர்களையும் நினைத்தே செய்தார்கள். ஆகவே சேற்றில் இறங்காதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. இறங்குவதற்காகச் செய்த கால் அது.

ஆனால் உங்கள் திருகாணி பிடித்திருப்பது அந்த மரத்தில். பாதத்துக்கு மேலே காலாக நிற்கும் பிளாஸ்டிக் குழாயின் விளிம்பு வழியாகவும் திருகாணித் துளை வழியாகவும் வயல் தண்ணீர் உள்ளே போகிறது. மரம் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி நடந்தால் மரையைக் கவ்வியிருக்கும் நார் நைந்துவிடும். சும்மா சுற்றும் திருகாணியை முழுதாகக் கழற்றி, அதன் மரைப் பள்ளத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிறிய சிராய் ஒட்டியிருந்தால் மரம் நல்ல மரம், துளை மட்டும் தேய்ந்திருக்கிறது. கறுப்பாக, ஈரமாக, விரலால் தேய்த்தால் மாவாகிப் போகும் தூள் வந்தால் மரம் இற்றுவிட்டது. இற்ற மரத்துக்கு எந்தப் பசையும் உதவாது, பாதத்தையே மாற்ற வேண்டும்.

வயலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ‘டொக்’ சத்தம் கேட்ட இடத்திலேயே நில்லுங்கள். இந்த வரம்பு முடியட்டும் என்று நடந்தால், தளர்ந்த திருகாணி ஒவ்வொரு அடியிலும் துளையைப் பெரிதாக்கும். வரம்பில் உட்கார்ந்து காலைக் கழற்றி, சேற்றைக் கழுவி, துணியால் துளையை ஒற்றி எடுங்கள். பிடிமானம் உள்ள திருகாணிகளை முதலில் இறுக்குங்கள், பாதம் தன் இடத்துக்கு வரும். பிறகு இரண்டு தீக்குச்சியின் மருந்துத் தலையை முறித்துவிட்டுத் துளைக்குள் செருகி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிட்டு, திருகாணியைக் கையால் மெல்ல இறக்குங்கள். கை மறுக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று முறுக்கினாலும் செருகிய குச்சி நொறுங்கி, பழைய நிலைக்கே வந்துவிடும்.

அதன்பின் பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டிய பட்டி ஒன்றை எடுத்து, உள்ளங்கால் வளைவின் கீழ் கொடுத்து, கணுக்காலின் முன்னால் குறுக்காக இழுத்து, குழாயைச் சுற்றிப் பின்னால் முடியுங்கள். நன்றாக இழுத்துச் சுற்ற வேண்டும். பாதம் திரும்புவதைத் தடுப்பது இந்தப் பட்டிதான், தீக்குச்சி வெறும் துணை. குழாயோடு மட்டும் கட்டுங்கள், மேலே உங்கள் தோலைத் தொடும் இடத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். கையில் ஒரு தடியோடு நேரே வீட்டுக்குப் போங்கள்.

மூன்று திருகாணியோடு வீடு போய்ச் சேரலாம், வேலை செய்யக்கூடாது. ஒரே பக்கத்து இரண்டும் போய்விட்டாலோ, துளையிலிருந்து குழாயில் வெடிப்பு ஓடியிருந்தாலோ அந்தக் காலில் நிற்கவே வேண்டாம். யாரையாவது அழைத்து மோட்டார் சைக்கிளில் போங்கள். காட்டோரத்தில் தனியாக நிற்பவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மொத்தமான திருகாணி வேண்டாம். துளை விளிம்புக்கு அருகில் இருந்தால் மரம் பிளக்கும். நீளமானதும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் இறக்கக்கூடாது. அதைப் பட்டறையில் செய்யட்டும்.

இன்னொன்று: பாதம் திரும்பியபடி நடந்திருந்தால் உங்கள் சொந்தக் காலில் எஞ்சியிருக்கும் பகுதியில் பாரம் வேறு இடத்தில் விழுந்திருக்கும். இரவில் தோலைப் பாருங்கள். சற்று நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அடுத்த நாள் காலைப் போடாதீர்கள்.

முல்லைத்தீவு – ஒஸ்லோ எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்து வியந்துபோனேன். நான் நோர்வேயில் பனிச்சறுக்குப் பொருட்கள் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். சப்பாத்தைச் சறுக்குப் பலகையோடு பிடிக்கும் பூட்டும் இதே மாதிரித் திருகாணியில்தான் நிற்கிறது, பலகையின் உள்ளேயும் பெரும்பாலும் மரம். 5.5 மில்லிமீற்றர் திருகாணிக்கு, உலோகத் தகடு இல்லாத பலகையில் 3.6, தகடு இருந்தால் 4.1 மில்லிமீற்றர் துளை போடுவோம். ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி பசை விட்டுத்தான் இறக்குவோம். தண்ணீர் மரத்துக்குள் போகாமல் அடைப்பதும் அந்தப் பசையின் வேலை.

மலையில் தொலைவாகப் போகிறவர்கள் இரும்புப் பஞ்சும் இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எபொக்சிப் பசையும் கொண்டுபோவார்கள். தேய்ந்த துளையில் இரண்டையும் சேர்த்து அடைத்துத் திருகாணியை இறக்குவார்கள். குளிரில் பசை எளிதில் இறுகாது என்பதுதான் அவர்களுடைய பெரிய சிக்கல். ஒட்டுசுட்டான் வெயிலில் அந்தக் கவலை இல்லை. அண்ணா, திருப்புளியின் நுனி திருகாணித் தலைக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். இங்கே நட்சத்திரத் தலை போலவே தெரியும் பொசிட்ரைவ் என்ற வேறு வகைத் தலைக்குச் சாதாரண நட்சத்திரத் திருப்புளியைப் போட்டுத் தலையை வழித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

பழைய பட்டறைக்காரன் (வவுனியா) எழுதியது:

திருப்புளி பற்றிச் சொன்னது மிகவும் சரி. இரும்புப் பஞ்சு மட்டும் நமக்கு வேண்டாம். வயல் தண்ணீரில் நாள் முழுதும் நிற்கும் காலில் பசை சரியாக மூடாத இடத்தில் அது துருப்பிடிக்கும். மரம் நல்லதாக இருந்தால் வீட்டில் காலைக் கழற்றி நன்றாகக் காயவிட்டு, மெல்லிய மூங்கில் சிராயை எபொக்சியில் தோய்த்துத் துளையில் நிரப்பி, திருகாணியை இறக்கி, இரவு முழுதும் அசையாமல் வையுங்கள். ஈர மரத்தில் அந்தப் பசை ஒட்டாது. இதுவும் பட்டறைக்குப் போகும்வரைதான்.

கிளிநொச்சி ஆசிரியை எழுதியது:

என்னுடையது உலோகக் குழாய்க் கால். மரம் இல்லை. இணைப்பில் சுற்றிவர நான்கு சிறிய தலையில்லாத் திருகாணிகள், 4 மில்லிமீற்றர் அறுகோணச் சாவி போட வேண்டும். ஒன்று இளகினால் அதை மட்டும் இறுக்கலாம், மற்றவற்றைத் தொட்டால் பாதத்தின் சாய்வே மாறிவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். ஒவ்வொரு திருகாணியிலும் தொடங்கிப் பக்கத்து உலோகம்வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு முறிந்திருந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது. காலையில் பாடசாலைக்குப் புறப்படுமுன் கண்ணால் பார்த்தாலே போதும். அண்ணாவும் திருகாணித் தலைக்கும் குழாய்க்கும் சேர்த்து இப்படி ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம்.

கமக்காரன் (ஒட்டுசுட்டான்) எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கழற்றிப் பார்த்தேன். ஒன்றில் வெளிறிய சிராய், சும்மா சுற்றியதில் கறுப்புத் தூள். அப்படியென்றால் பாதம் மாற்றத்தான் வேண்டும் என்று விளங்குகிறது. பக்கத்து வயல்காரர் நீர் பார்க்க ஒத்துக்கொண்டார், இந்தக் கிழமையே போகிறேன். அதுவரை ரியூப் பட்டி கட்டி வீட்டு வளவுக்குள் மட்டும் நடக்கிறேன். தங்கை சொன்ன கோட்டைப் புதுப் பாதத்தில் முதல் நாளே போடுவேன். ஐயா, இனி ஒவ்வொரு நாளும் வயலால் வந்ததும் காலை அடுப்படியில் வைத்துக் காயவிட்டால் நல்லதா?

பழைய பட்டறைக்காரன் (வவுனியா) எழுதியது:

வேண்டவே வேண்டாம். அந்தக் குழாயைச் சூட்டில் இளக்கித்தான் வடிவமைக்கிறோம், அடுப்பு வெக்கை பட்டால் உங்கள் காலின் அளவே மாறிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காற்றுப்படும் நிழலில் பாதம் மேலே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். போகும்போது கழற்றிய திருகாணியையும் கொண்டுபோய் அவர்களிடம் காட்டுங்கள்.