பழைய மில் கிடங்கில் 12 வீடுகள்: மாடிக் கழிவறைக் குழாய்க்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் மூடிக் கிடக்கும் நூற்பாலையின் பஞ்சுக் கிடங்கை வீடுகளாக மாற்றும் வேலை. 18 மீட்டர் அகலம், 42 மீட்டர் நீளம், தரைத்தளமும் ஒரு மாடியும். கான்கிரீட் தூண், பீம், 150 மி.மீ. தளம்.

சிக்கல் மாடிக் கழிவறையில். குழாயைப் புதைக்கத் தளத்தில் பள்ளம் கிடையாது. 110 மி.மீ. குழாயை 40-க்கு 1 சரிவில் 4 மீட்டர் கொண்டுபோனால் சரிவுக்கே 100 மி.மீ. போய்விடும், தரையை 250 மி.மீ.க்குக் குறையாமல் உயர்த்த வேண்டும். அதைச் செங்கல் ஜல்லியால் நிரப்பினால் சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோநியூட்டன் கூடுதல் பாரம். வீட்டுத் தளத்துக்குக் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமையே 2 தான்! குழாயைக் கீழே தொங்கவிட்டால், ஒழுகும்போதெல்லாம் கீழ்வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டும், அது நியாயமில்லை.

பஞ்சுப் பொதி தாங்கிய தளம்தானே என்று விடவும் முடியாது. பீம் அடியில் கம்பி போகும் திசையிலேயே விரிசல். சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று கேட்கிறது. உடைத்த இடத்தில், காரத்தன்மை குறையாத கான்கிரீட்டில் இளஞ்சிவப்பாக மாறும் ஃபீனாப்தலீன் கரைசலைத் தெளித்தோம்: 30 மி.மீ. ஆழம்வரை நிறம் மாறவில்லை. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் (கவர்) 25 மி.மீ.தான், அதாவது கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது.

ஜல்லிக்குப் பதில் எடை குறைந்த நுரைக் கான்கிரீட் நிரப்பியவர்கள் இருந்தால், என்ன அடர்த்தி, அதன்மேல் நீர்க்காப்பு எப்படிப் பிடித்தது என்று சொல்லுங்கள். சுவரில் மாட்டும் கழிப்பறைக் கோப்பையும் வெளிச்சுவர் ஓரத்து நெடுங்குழாயும் வைத்து, தரையை உயர்த்தாமலே முடித்தவர்கள் உண்டா? தளத்தில் துளை போடுமுன் கம்பியைக் கண்டறிய எந்தக் கருவி நம்பகமானது?