புதுப்பிப்பு: தீனித் தட்டுக்குப் பறவைகள் வராத கதை

வெள்ளவத்தை வீட்டுப் பின்வளவில் தொங்கவிட்ட தீனித் தட்டுக்கு மைனா, கிளி, புலுனி எதுவுமே எட்டிப்பார்ப்பதில்லை என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பூனை என்று பலர் சொன்னீர்கள். பூனை இல்லை.

தட்டைக் கழற்றிப் பார்த்தேன், மேலே குறுணலும் தினையும் காய்ந்துதான் கிடந்தன, விரலை விட்டுக் கிளறினால் அடியில் மழையில் ஊறிக் கட்டியாகிப் பச்சைப் பூஞ்சணம், புளித்த மணம் வேறு. தினமும் அதற்கு மேலேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், மடத்தனம். பூஞ்சணம் பிடித்த தீனி பறவைகளுக்கு நோய் தரும், எச்சம் படிந்த தட்டும் அப்படித்தான். கொதிநீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, தண்ணீர் வடிய அடியில் ஆணியால் துளை போட்டேன்.

அப்படியும் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் மேல்மாடி அக்கா காட்டினார், முருங்கையில் வல்லூறு ஒன்று குந்தியிருந்தது. அது இருக்கும்வரை எந்தக் குருவி வரும்? ஒரு கிழமை தீனியே வைக்கவில்லை, அது வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. தட்டையும் செம்பரத்தைப் பற்றைக்குப் பக்கமாக மாற்றினேன், ஓடி ஒளிய இடம் வேண்டுமே.

நேற்றுக் காலை புலுனிக் கூட்டம் வந்தது, வழக்கமான சத்தத்தோடு. கிளி இன்னும் இல்லை. பக்கத்து வளவில் ஜாம் மரம் பழுத்துக் கிடக்கிறது, என் தினை யாருக்கு வேண்டும்.