மறு: ரூப் கோல்ட்பர்க் மெஷினுக்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் எளிய வேலையைப் பல கட்டங்களாகச் சுற்றிவளைத்துச் செய்யும் எந்திரத்தை, அப்படிப்பட்டவற்றை வரைந்த கேலிச்சித்திரக்காரர் ரூப் கோல்ட்பர்க்கின் பெயரால் சொல்கிறார்கள். அத்தகைய எந்திரம் ஓடும் காணொளி ஒன்று, ஓகே கோ இசைக்குழுவின் 2010 பாடல் 'திஸ் டூ ஷல் பாஸ்'. அதைப் பற்றிய கட்டுரை வரைவில் 'தொடர்வினை எந்திரம்' என்று போட்டிருக்கிறார்கள். இதை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளிப் பாடநூலில் தொடர்வினை என்றால் அணுக்கருப் பிளவு. ஒரு யுரேனியக் கரு பிளக்கிறது, இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவருகின்றன, அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. ஒரே நிகழ்வுதான், கிளைத்துப் பெருகுகிறது. இந்த எந்திரத்திலோ கிளைப்பது முக்கியமில்லை, ஒரு கட்டம் போல இன்னொரு கட்டம் இருப்பதுமில்லை. கோலிக்குண்டு உருளும், அது தட்டி ஒரு கொண்டி விலகும், கப்பியில் கயிறு ஓடும், வாளி இறங்கும்.

ஆகவே 'சுற்றுவழிப்பொறி'. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்கிறோமே, கோல்ட்பர்க் வரைந்ததெல்லாம் அதைத்தான். 1931-இல் வெளிவந்த தானியங்கி நாப்கின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்புக் கரண்டியை வாய்க்குத் தூக்கினால் கயிறு இழுபடும். அகப்பை பிஸ்கட்டை வீசும். கிளி அதன் பின்னே தாவ, அது உட்கார்ந்திருந்த கம்பு சாய்ந்து விதைகள் வாளியில் கொட்டும். வாளியின் எடை லைட்டரைப் பற்றவைக்க, ராக்கெட் கிளம்பி அரிவாள் ஒரு நூலை அறுக்கும். நூல் அறுந்ததும் நாப்கின் கட்டிய ஊசல் ஆடி மோவாயைத் துடைக்கும். கையால் ஒரு நொடியில் முடிகிற வேலை. அந்தச் சுற்றல் சொல்லில் இல்லாவிட்டால் பொருளே இல்லை.

பொறி என்ற சொல்லையும் கவனியுங்கள். எந்திரமும் பொறி, எலி பிடிப்பதும் பொறி, நெருப்புத் துளியும் பொறி. மூன்றுக்கும் இங்கே வேலை இருக்கிறது.

*

மறு: சுற்றுவழிப்பொறி

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆளின் பெயரையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல். கோல்ட்பர்க் (1883–1970) அமெரிக்காவுக்கு. பிரிட்டனில் இதையே ஹீத் ராபின்சன் பெயரால் சொல்கிறார்கள், டென்மார்க்கில் ஸ்டார்ம் பி. பெயரால். அந்தந்த நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் அந்தந்த மொழிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஜப்பானில் என்எச்கே தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியிலிருந்து 'பித்தகோரா சாதனம்' வந்தது. வங்காளத்தில் சுகுமார் ராயின் பாட்டில் வரும் 'குடோர் கல்', அதாவது சித்தப்பாவின் எந்திரம், பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. நம்மிடம் அப்படி ஒரு படமோ பாட்டோ இல்லை, பழமொழி இருக்கிறது. அதிலிருந்து எடுப்பதுதான் முறை.

ஆனால் ஒரு தடை. சுவிட்சர்லாந்துக் கலைஞர்கள் ஃபிஷ்லி, வைஸ் இருவரும் 1987-இல் எடுத்த அரைமணி நேரப் படத்தில் டயர், ஏணி, நெருப்பு, நுரை, அமிலம் எல்லாம் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக்கொண்டே போகின்றன. போய்ச் சேருமிடம் என்று ஒன்று கிடையாது. வழியே இல்லாதபோது சுற்றுவழி எங்கிருந்து வரும்?

*

மறு: மறு: சுற்றுவழிப்பொறி

> வழியே இல்லாதபோது சுற்றுவழி எங்கிருந்து வரும்?

நியாயமான கேள்வி. இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு முன் இந்த எந்திரம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல் தவறாகப் பிறக்கும்.

ஒரு கட்டம் தன் ஆற்றலை அடுத்ததற்குக் கொடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் உராய்விலேயே நாலைந்து கட்டத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றல் முன்கூட்டியே தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது: தூக்கி வைத்த எடை, முறுக்கிய ஸ்பிரிங், நிற்கும் டோமினோ (வரிசையாக நிறுத்திச் சாய்க்கும் சிறு கட்டை). முந்தைய கட்டம் செய்வது கொண்டியை விலக்குவது மட்டுமே. அதனால்தான் ஒரு டோமினோ தன்னைவிட எல்லா அளவிலும் ஒன்றரை மடங்கு பெரிய டோமினோவைச் சாய்க்க முடிகிறது. இயற்பியலாளர் லோர்ன் வைட்ஹெட் 1983-இல் இதைச் செய்து காட்டினார். ஆக இங்கே நடப்பது கடத்தல் இல்லை, தூண்டல். 'தூண்டுதொடர்' என்று வைப்போம். வினைத்தொகை, ஒற்று மிகாது. ஃபிஷ்லி–வைஸ் படம் தூண்டுதொடர். அத்தொடரின் முடிவில் ஓர் எளிய வேலை காத்திருந்தால் அது சுற்றுவழிப்பொறி.

ஓகே கோ எந்திரம் இரண்டாவது வகை. தொடக்கத்தில் டோமினோ, முடிவில் குழுவினர் மேல் சாயப் பீரங்கி. அதைக் கட்டிய சின் லேப்ஸின் ஆடம் சடாவ்ஸ்கி தம் டெட் உரையில் கொடுத்த எண்கள் நமக்கு உதவும்: 89 கட்டங்கள், 85 டேக் (படம்பிடிக்கும் முயற்சி), கடைசிவரை ஓடியவை 3. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் நூற்றுக்கு 99 முறை சரியாக வேலை செய்தாலும், 89 கட்டமும் சேர்ந்து தப்பாமல் ஓடுவது நூற்றுக்கு 41 முறைதான். 85-இல் 3 என்றால், எல்லாக் கட்டங்களும் ஒரே தரம் என்று கொண்டால், கட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 96.3 சதவீதம். தனியாகப் பார்த்தால் மிக நல்ல வேலைப்பாடு. தொடராகும்போது அதுவே போதவில்லை.

மீண்டும் அடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. அதனால் எது எங்கே இருக்க வேண்டும் என்பதே பெரிய கேள்வியாகிறது. சின்னப் பொருள்கள்தான் அதிகம் சொதப்பும். சாய்தளத்தில் கொஞ்சம் தூசி, இரண்டு பலகை சேருமிடத்தில் ஒரு மயிரிழை மேடு, இவை போதும், கோலிக்குண்டு துள்ளி வெளியே போய்விடும். ஈரக்காற்றில் மரம் உப்பும், பருத்தி நூலின் நீளம் மாறும், டேப் பிடி விடும். ஆகவே சின்னது முன்னால், பெரியது பின்னால். முதல் பத்துக் கட்டத்துக்குள் நின்றுபோனால் அந்தப் பத்தை மட்டும் அடுக்கினால் போதும். பியானோ விழுந்த பிறகு நின்றால் இன்னொரு பியானோ வேண்டும். அவர்கள் இரண்டு பியானோக்களையும் பத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் உடைத்தார்கள்.

ஹோண்டாவின் 2003 விளம்பரமும் இப்படித்தான். இரண்டு நிமிடம், முழுக்கக் கார் பாகங்கள். அதில் டயர்கள் மேட்டில் ஏறும். உள்ளே ஒரு பக்கமாக எடை வைத்திருக்கிறார்கள். எடை கீழே இறங்கப் பார்க்கிறது, டயர் மேலே உருள்கிறது. தேக்கிய ஆற்றலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கட்டுரையில் இதைச் சேருங்கள்.

*

மறு: தூண்டுதொடர்

தூண்டுதொடருக்கு என் ஆதரவு. கட்டுரைக்குத் தேவையான துணைச் சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம்.

ஒரு கட்டத்துக்குக் 'கண்ணி' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். சங்கிலியின் வளையமும் கண்ணிதான் என்பதால் பொருள் பொருந்துகிறது. ஆனால் செய்தித்தாள் வாசகருக்குக் கண்ணி என்றதும் கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும், ஈழத்து வாசகருக்கு இன்னும் கூடுதலாக. 'கட்டம்' என்றே இருக்கட்டும்.

அடுத்த கட்டத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும் பாகம்: கொண்டி. கதவில் இருப்பதுதான், புதிதாக ஆக்க வேண்டாம். அது எளிதில் விலகினால் ஆள் நடக்கும் அதிர்வுக்கே கழன்றுவிடும். இறுக்கமாக இருந்தால் கோலிக்குண்டு மோதியும் அசையாது. கட்டுபவர்களுக்கு அதிக நேரம் போவது இந்த ஒன்றைச் சரிசெய்வதில்தான், ஆகவே கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி தேவை.

டோமினோ வரிசையில் நடுநடுவே சில கட்டைகளை வைக்காமல் விட்டிருப்பார்கள். அடுக்கும்போது கை தட்டினால் சரிவு அங்கேயே நின்றுவிடும். ஓட்டுவதற்குச் சற்று முன் அவற்றை நிரப்புவார்கள். இதற்குக் 'காப்பிடைவெளி' எப்படி? மீண்டும் அடுக்குவதற்கு 'மறு அடுக்கு'. டேக், டோமினோ இரண்டும் அப்படியே.

*

மறு: மறு: தூண்டுதொடர்

காப்பிடைவெளி சரி. 'மறு அடுக்கு' மட்டும் இடறுகிறது, இன்னொரு அடுக்கு என்று பெயர்ச்சொல்லாகப் படித்துவிடுவார்கள். 'மீள அடுக்கல்' என்றால் குழப்பமில்லை. மறுப்பு இல்லையென்றால் சுற்றுவழிப்பொறி, தூண்டுதொடர், கட்டம், கொண்டி, காப்பிடைவெளி, மீள அடுக்கல் ஆறையும் நாளை வரைவில் மாற்றிவிடுகிறேன். தலைப்பில் சுற்றுவழிப்பொறி, முதல் வரியில் ரூப் கோல்ட்பர்க் பெயர் ஒருமுறை வரட்டும், தேடுபவர்கள் அந்தப் பெயரைத்தான் தட்டுவார்கள்.