180 டிகிரியில் இடைமுக இழுவிசை: கணக்கிட்டவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு பிளாஸ்டிக் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பாலிஎத்திலீனுக்கும் கிளிசராலுக்கும் இடையிலான இடைமுக இழுவிசையை (இரண்டும் தொடும் எல்லையில் உள்ள இழுவிசை) ஓவன்ஸ்-வெண்ட் சமன்பாட்டில் கணக்கிட்டேன். அது ஒவ்வொரு பொருளின் பரப்பு இழுவிசையையும் சிதறல் விசைப் பங்கு, துருவ விசைப் பங்கு என்று இரண்டாகப் பிரித்துக் கணக்கிடும். பரப்பு இழுவிசை பாலிஎத்திலீனுக்கு மீட்டருக்கு 33 மில்லிநியூட்டன், துருவப் பங்கு பூஜ்யம், கிளிசராலுக்கு 63.4, அதில் சிதறல் பங்கு 37. விடை மீட்டருக்குச் சுமார் 26.5 மில்லிநியூட்டன்.

இதெல்லாம் அறை வெப்பநிலைக்கு. எங்கள் எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரம்) ஓடுவதோ 180 டிகிரியில்! பாலிஎத்திலீனின் பரப்பு இழுவிசை டிகிரிக்கு ஏறத்தாழ 0.057 மில்லிநியூட்டன்/மீட்டர் குறையும், அது சரி. கிளிசராலின் இரண்டு பங்குகளும் ஒரே விகிதத்தில் குறையும் என்று வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் நிற்கிறேன். உருகிய பாலிஎத்திலீனில் கிளிசரால் துளி எவ்வளவு சிறிதாக உடையும் என்பதே இந்த எண்ணைப் பொறுத்தது. ஓவன்ஸ்-வெண்ட் சமன்பாட்டில் வரும் பெருக்கல் சராசரியை விட்டுவிட்டு வூவின் இசைச் சராசரிக்கு மாறலாமா?

தொங்கு துளி முறையில் (தொங்கும் துளியின் வடிவத்தை வைத்து இழுவிசையை அளப்பது) உருகிய பாலிமரை அளந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சனிக்கிழமை தேக்காவில் நேரில் சந்திக்கவும் தயார், தேநீர் என் செலவு.