முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது என்றால், இந்த இனம் இத்தனை கோடி ஆண்டுகள் எப்படித் தாங்கியது?

கோரிமேடு வாசகர் (கேள்வி):
வணக்கம். மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது எழுந்த ஐயம் இது. மனிதருக்கு எக்ஸ், ஒய் என்றும் பறவைகளுக்கு இசட், டபிள்யூ என்றும் பால் குரோமோசோம்கள் இருக்க, முதலைகளுக்கு அப்படி எதுவும் இல்லை என்றும், மண்ணுக்குள் முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணாகவோ பெண்ணாகவோ உருவாகிறது என்றும் படித்தோம். சேலத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளிலும் ஏற்காட்டில் இரவில் போர்வை தேவைப்படுகிறது. இவ்வளவு சிறிய தொலைவுக்குள்ளேயே வெப்பம் இப்படி மாறுகிறது. அப்படியானால், மேட்டூர் அணைப் பகுதியில் வாழும் சதுப்புநில முதலைகளுக்கு, ஒரு கோடை கூடுதலாகக் கொளுத்தினால் அவ்வாண்டுக் குஞ்சுகள் யாவும் ஒரே பாலாகிவிடாதா? ஊழிக்காலக் குளிரையும் வெப்பத்தையும் இந்த இனம் எப்படிக் கடந்து வந்தது?

அம்மாபேட்டை விலங்கியல் ஆசிரியை:
நீங்கள் படித்தது சரியே. முதலையின் உறவினமான அமெரிக்க அலிகேட்டரில் இது நிகழ்வதை 1982-இல் ஃபெர்குசன், ஜோவானன் என்னும் இருவர் விளக்கினார்கள். சூடு குறைந்தால் பெண், கூடினால் ஆண் என்றே அப்போது கருதப்பட்டது. நம்முடைய சதுப்புநில முதலையைப் பற்றிய தெளிவு, சென்னைக்கு அருகிலுள்ள முதலைப் பண்ணையில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வால் கிடைத்தது. மாறாத வெப்பத்தில் அடைகாக்கப்பட்ட முட்டைகளில், 28 முதல் 31 டிகிரி வரை பெண் குஞ்சுகள் மட்டுமே பிறந்தன, 32.5 டிகிரியில் ஆண்கள் மட்டுமே பிறந்தன, 31.5, 32, 33 டிகிரிகளில் இரண்டும் கலந்து பிறந்தன. ஆக, ஆண் குஞ்சுக்கு உரிய இடம் மிகக் குறுகியது. அதற்கு இரு பக்கமும் பெண்ணின் பக்கமே.

அடைகாப்புக் காலம் முழுவதும் இதற்குக் கணக்கில்லை என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஏறத்தாழ இரண்டு மாத அடைகாப்பில், நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்கு நாள்களில்தான் கருவின் இனப்பெருக்கச் சுரப்பி எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவாகிறது. அரோமடேஸ் என்னும் நொதி மிகுதியாக வேலை செய்தால் ஈஸ்ட்ரோஜன் உருவாகி அச்சுரப்பி சூலகமாகிறது. அந்த நொதி அடங்கியிருந்தால் விந்தகமாகிறது.

இன்னொன்று, வெளியே அடிக்கும் 40 டிகிரி வெயில் முட்டையைத் தொடுவதில்லை. சதுப்புநில முதலை கரையில் ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி முட்டையிடுகிறது. அந்த ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு சிறிதே. உவர்நீர் முதலையும் அலிகேட்டரும் குழி தோண்டாமல் இலைதழைகளைக் குவித்து மேடு கட்டுகின்றன. மேட்டின் உச்சியில் ஒரு வெப்பமும் அடியில் வேறொரு வெப்பமும் இருக்கக்கூடும் என்பதால், ஒரே தாயின் ஒரே ஈட்டில் இரு பாலும் பிறக்க வழியுண்டு. ஏற்காட்டைக் குறிப்பிட்டீர்கள், அந்தக் குளிர்ந்த மண்ணில் குஞ்சு எந்தப் பால் என்ற கேள்விக்கே இடமிருக்காது, 28 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் கரு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பண்ணவாடி பரிசல்துறை:
அம்மா எழுதியதோடு கரையோரத்தில் வளர்ந்தவனாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். தென்னிந்தியாவில் இந்த முதலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடுகிறது. குஞ்சுகள் மழைக்குச் சற்று முன்னும் பின்னுமாக வெளிவருகின்றன. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. கோடையில் நீர் வடிந்து, நீரில் மூழ்கியிருந்த பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் எங்கள் ஊர்ப் பக்கம் வெளியே தெரியும்போது, அகன்ற சேற்றுக் கரையும் மணல் திட்டும் கிடைக்கின்றன. ஆனால் கர்நாடகத்தில் மழை வலுத்தால் நீர் திடுமென ஏறும். தண்ணீருக்கு மிக அருகில் தோண்டிய குழி மூழ்கினால் உள்ளேயிருக்கும் கருக்கள் மூச்சுமுட்டி இறந்துவிடும். மிக உயரத்தில் தோண்டினாலோ மண் காய்ந்து கருகும். எனவே எங்கே தோண்டுவது என்று தாய் தேர்ந்தெடுக்கும் அந்த இடத்தில்தான் குஞ்சின் உயிரும் பாலும் ஒருசேர அடங்கியிருக்கின்றன. வெயிலைவிட, அந்த இடத்தை நாம் விட்டுவைக்கிறோமா என்பதே எனக்குப் பெரிய கவலை. வடிந்த நிலத்தில் பயிர் செய்வதும் மாடு மேய்ப்பதும் இங்கே பிழைப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மணல் அள்ளினால் கூடு போய்விடும்.

முட்டை கண்ணில் பட்டால் தயவுசெய்து எடுத்துப் பார்க்காதீர்கள். இட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. உயிருள்ள முட்டையில் அந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து, நாளடைவில் நடுவைச் சுற்றிப் பட்டையாகப் பரவுகிறது. அதைப் புரட்டி வைத்தால் கரு செத்துவிடும். உடும்பும் நரியும் தோண்டித் தின்றது போக மிஞ்சுவதே கொஞ்சம்.

சூரமங்கலம் புதைபடிவ ஆர்வலர்:
கேள்வியின் பின்பாதிக்கு வருகிறேன். முதலைகள் மாறாமலே தாங்கிவிட்டன என்று பலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. பறவைகளும் முதலைகளும் ஒரே மூதாதையரின் இரு கிளைகள். பல்லியைவிட முதலைக்குக் காக்கையே நெருங்கிய உறவு. முதலையின் கிளையில் நிலத்தில் நிமிர்ந்து ஓடியவை இருந்தன, துடுப்புக் கால்களும் மீன்வாலும் கொண்டு கடலில் வாழ்ந்தவை இருந்தன, மடகாஸ்கரில் தாவரம் தின்ற குட்டை முகத்து சைமோசூக்கஸும் இருந்தது. இவை யாவும் அழிந்துபோக, நீர்க்கரையில் பதுங்கி வேட்டையாடிய சில வகைகளே மிஞ்சின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது இவை பிழைத்ததற்கு, மாதக்கணக்கில் உணவின்றிக் கிடக்க வல்ல உடலும், மக்கிய பொருளை நம்பி ஓடும் நன்னீர் உணவுச் சங்கிலியும் காரணமாக இருந்திருக்கலாம்.

பால் விகிதத்துக்கு வருவோம். ஒரு முதலை பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஆண்டுதோறும் முட்டையிடக்கூடியது. ஆகையால் சில ஆண்டுகள் தொடர்ந்து பெண்களாகவே பிறந்தாலும், முன்பே வளர்ந்த ஆண்கள் ஆற்றில் இருக்கின்றன. ஓர் ஆண் பல பெண்களுடன் இணைசேர்வதால் பெண் மிகுவது பெருங்கேடு ஆவதில்லை. இந்த நீண்ட ஆயுள்தான் முதல் காப்பு. நிழலான கரையைத் தேடுவதும், முட்டையிடும் காலத்தை முன்பின்னாக நகர்த்துவதும் அடுத்தவை. அதுவும் போதாதபோது இனமே இடம்பெயர்ந்தது: ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி சூடாக இருந்தபோது, அலிகேட்டரின் உறவினங்கள் இன்றைய கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில்கூட வாழ்ந்தன. பிறகு குளிர்ந்தபோது பின்வாங்கின. அன்று நடந்து போக நிலம் திறந்து கிடந்தது. இன்று அணைக்கும் அணைக்கும் இடையே அடைபட்ட முதலைக்கு அந்த வழி இல்லை. மாற்றத்தின் வேகமும் அன்றைக்கு இருந்ததைவிடக் கூடுதல். ஆகவே கடந்த காலத்தைக் காட்டி நாம் நிம்மதி அடைய முடியாது.

கோரிமேடு வாசகர்:
மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம்: பண்ணைகளில் முட்டையைச் சேகரித்துப் பொரிக்க வைக்கிறார்களே, அங்கே ஒரே வெப்பத்தில் வைத்தால் ஒரே பால்தானே வரும்?

அம்மாபேட்டை விலங்கியல் ஆசிரியை:
வரும். இந்தியாவின் முதலைப் பாதுகாப்புத் திட்டம் 1975-இல் தொடங்கியது. அலிகேட்டர் ஆய்வு வந்ததோ 1982-இல். தொடக்க ஆண்டுகளில் பொரிப்பகங்கள் எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்பதையே பார்த்தன, பாலைப் பற்றி யோசிக்க அப்போது வழியில்லை. இன்று செய்யத்தக்கது, ஓர் ஈட்டு முட்டைகளைப் பிரித்து, ஒரு பகுதியை 31 டிகிரிக்குள்ளும் மறு பகுதியை 32.5 டிகிரி அளவிலும் வைப்பது. குஞ்சு வெளிவந்த பிறகு பார்வையால் பாலைச் சொல்வது கடினம். எனவே எந்தப் பெட்டியில் நடுப்பங்கு நாள்களில் என்ன வெப்பம் இருந்தது என்ற நாள்குறிப்பே ஆற்றில் எதை விடுகிறோம் என்பதற்குச் சான்று.